துயர் கேட்கும் பொறி

1936ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பேர்லின் மாநகரை விட்டு ஒரு யூதக் குடும்பம் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டது. ஹிட்லரின் ஆட்சி அந்நாட்டு யூதரைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கத் தொடங்கிவிட்ட காலம் அது. அக்குடும்பத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். யோசப் வைசன்பௌம் என்பது அவன் பெயர். புதிய நாட்டிலே புதிய மொழியிலே தடுமாறிய அவனுக்குக் கணிதம் அடைக்கலமாயிற்று. வளர்ந்து கணனித் துறை புகுந்த அவர், வங்கிகளிற் குவியும் காசோலைகளைக் கணக்கிடும் பொறியொன்றை அமைக்கும் பணியிலும் சில காலம் ஈடுபட்டிருந்தார். 1963இல் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்தார். வங்கிக் கணக்குப் பார்க்கும் பொறியிலிருந்து மனக் கணக்குப் பார்க்கும் பொறிக்கு அவர் வந்த கதை அங்கேதான் ஆரம்பமாகின்றது.

மனிதன் தட்டச்சிற் பொறிக்கும் சாதாரண வாக்கியத்திற்குக் கணனி மறுமொழி கூறுமாறு செய்ய முடியுமா என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. 1966ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான கட்டுரையிலே அதன் விடையை உலகுக்கு அறிவித்தார். அவர் ஆக்கிய நிரலுக்கு எலைசா என்று பெயர். பேர்னாட் ஷோவின் நாடகத்திலே பூ விற்கும் பெண்ணொருத்தி கனவான்களின் மொழியைக் கற்றுக்கொள்கிறாள் அல்லவா? அவளுடைய பெயரே அது. பேசக் கற்பவள், ஆனால் பேசுவது இன்னதென்று அறியாதவள் என்னும் குறிப்பு அப்பெயரில் உண்டு.

எலைசாவை அவர் உளவைத்தியர் போலப் பேசவைத்தார். இத்தெரிவுக்குக் காரணம் இருந்தது. கார்ள் றோஜர்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் வகுத்த முறையொன்று அக்காலத்திற் செல்வாக்குற்றிருந்தது. துயருற்று வந்தவர்க்கு அறிவுரை கூறுவதையும் தீர்ப்பு வழங்குவதையும் தவிர்த்து, அவர் கூறியதையே அவர்க்குத் தெளிவாகத் திருப்பிக் காட்டுதல் அம்முறையின் சிறப்பு. அத்தகைய வைத்தியர் உலகத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர் போல இருந்தாலும் எவரும் ஐயுறார். 'கடலுக்குப் போனேன்' என்று ஒருவர் சொன்னால், 'கடலைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று வைத்தியர் கேட்பதில் ஏதோ ஆழ்ந்த கருத்து இருக்கின்றதென்றே கேட்பவர் எண்ணுவார். கடல் என்றால் என்னவென்று பொறிக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒன்றும் அறியாத பொறிக்கு இதனினும் பொருத்தமான வேடம் கிடைப்பது அரிது.

அது வேலை செய்த விதமும் எளியது. வந்த வாக்கியத்திலே 'தாய்', 'கனவு', 'எப்போதும்' போன்ற முதன்மைச் சொற்கள் உளவா என்று அது தேடும். கண்டால், அச்சொல்லுக்கென முன்னரே எழுதிவைத்த அச்சிலே வாக்கியத்தை வார்க்கும். 'என்' என்பது 'உம்' என மாறும். 'தாய்' என்ற சொல் வந்தால் குடும்பத்தைப் பற்றி மேலும் கூறுமாறு கேட்கும். யாதொரு சொல்லும் அகப்படாதவிடத்து, மேலே சொல்லும்படி கூறி ஒதுங்கிக்கொள்ளும். அல்லது சற்று முன்னர் சொன்ன ஒன்றை எடுத்து மீண்டும் கேட்கும். இவ்வளவே. இதிலே விளக்கமும் இல்லை, இரக்கமும் இல்லை.

ஆயினும் நடந்தது அவரைத் திகைக்கவைத்தது. அவருடைய செயலாளராகிய பெண்மணி, அந்நிரல் உருவாகும் காலமெல்லாம் அருகிலிருந்து பார்த்தவர். அது வெறும் நிரலே என்பதை அவர் நன்கு அறிவார். அவ்வம்மையார் ஒரு நாள் பொறியின் முன் அமர்ந்து உரையாடத் தொடங்கினார். நாலைந்து வாக்கியங்கள் சென்றதும் வைசன்பௌமின் பக்கந் திரும்பி, சற்று வெளியே போகும்படி கேட்டுக்கொண்டார். தாம் சொல்லப்போவது தமக்கும் பொறிக்கும் இடையில் இருக்கட்டும் என்பது அதன் கருத்து. ஒரு கதவு சாத்தப்பட்ட இச்சிறு சம்பவத்தை வைசன்பௌம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

அதே 1966ஆம் ஆண்டில் வேறொரு கட்டுரையும் வெளிவந்தது. கெனத் கோல்பி என்னும் உளமருத்துவரும் அவருடைய துணைவரும் இத்தகைய நிரல் ஒன்றைப் பற்றி உளமருத்துவ ஏடொன்றில் எழுதினர். வைத்தியர்க்குப் பஞ்சம் நிலவும் மனநோய் வைத்தியசாலைகளிலே இப்பொறி பெரிதும் உதவும் என்றும், ஒரு மணி நேரத்தில் பல நூறு நோயாளரைக் கவனிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்றும் அவர்கள் கருதினர். வைசன்பௌமின் உள்ளம் இதனால் மிகவும் நொந்தது. 1976இல் அவர் எழுதிய நூலிலே, கணனியாற் செய்யக்கூடியவை வேறு, அதனைக்கொண்டு செய்யத்தக்கவை வேறு என்று வாதாடினார். மனிதன் மனிதனுக்குச் செவிசாய்க்கும் இடங்களிற் பொறியை அமர்த்தலாகாது என்பது அவர் நிலை. கோல்பியோ அதனை மிகை உணர்ச்சி என்று கருதினார். வைத்தியரே இல்லாத இடத்தில் நல்ல வைத்தியரைப் பற்றிப் பேசுவதாற் பயன் என்னை என்பது அவர் கேள்வி. இவ்விருவரிலே ஒருவரை மட்டும் அறிவுடையவர் என்று சொல்லிவிட இயலாது. ஒன்று மாத்திரம் தெளிவு. ஒரு மணிக்குப் பல நூறு பேர் என்ற அந்தக் கணக்கிலேதான் பின்னாளிற் பெருகிய சந்தையின் வித்து இருந்தது.

வித்து முளைக்க நெடுங்காலம் சென்றது. இடையே, விலை பேசாத ஒரு முறையும் உலகிற் பரவியிருந்ததைக் குறிப்பிடாது விடலாகாது. 1953ஆம் ஆண்டு நவம்பரிலே இலண்டன் நகரத் தேவாலயம் ஒன்றின் குருவாகிய சாட் வாரா என்பவர், தற்கொலை எண்ணம் கொண்டோர் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்தார். சமரித்தன்ஸ் என்னும் இயக்கம் இவ்வாறு தோன்றியது. அவ்வழியிலே இலங்கையில் 1974இற் பிறந்தது சுமித்ரயோ. தொண்டர் ஒருவர் கேட்கிறார், துயருற்றவர் சொல்கிறார், பெயர் கேட்பதில்லை, பணம் கேட்பதில்லை. கருவி இடையில் இருந்தாலும் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார்.

மற்றொரு புறத்திலே மருத்துவ முறையும் மாறிக்கொண்டிருந்தது. 1960களிலே பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்னும் உளமருத்துவர், சோர்வு நோயாளரின் எண்ணங்களிற் காணப்படும் கோணல்களை எடுத்துக்காட்டி நிமிர்த்தும் சிகிச்சையை வகுத்தார். இது படிப்படியாகச் செல்வது. பயிற்சித் தாளும் வீட்டுப் பாடமும் உடையது. பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் முடிவது. பாடசாலைப் பாடத்திட்டம் போன்ற இம்முறையைக் கணனியில் ஏற்றுவது எளிது என்பது பலர்க்குத் தோன்றியதில் வியப்பில்லை. 2001இல் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தார் மூட்ஜிம் என்னும் பாடத்தொகுதியை இணையத்திலே வழங்கினர். பிரித்தானியாவிலே பீற்றிங் த புளூஸ் என்னும் தொகுதி தோன்றியது. 2006இல் அந்நாட்டின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் அதனை மென்மையான, நடுத்தரமான சோர்வு நோய்க்குப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. பொறி வழங்கும் உளச் சிகிச்சைக்கு அரசாங்கத்தின் முத்திரை கிடைத்தது அப்போது.

முத்திரை கிடைத்த ஒன்பது ஆண்டுகளின் பின் ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. பிரித்தானியக் குடும்ப வைத்தியர்களிடம் வந்த 691 சோர்வு நோயாளரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வழக்கமான வைத்தியத்தை மாத்திரமும், ஏனையோர்க்கு அதனோடு மேற்சொன்ன தொகுதிகளுள் ஒவ்வொன்றும் கொடுத்துப் பார்த்தனர். நாலு மாதத்தின் பின் மூன்று பிரிவினர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. காரணம் தேடுவதற்கு வெகு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. பெரும்பாலோர் ஓரிரு பாடங்களோடு நிறுத்திவிட்டனர். சோர்வு நோயின் இலக்கணமே முயற்சியின்மை. அந்நோயாளனைத் தனியே கணனியின் முன் இருத்தி, முயன்று படி என்று சொன்னால் அவன் எவ்வாறு படிப்பான்? 2017இல் வெளியான அடுத்த சோதனையில், அதே மூட்ஜிம் தொகுதியைப் படிப்போரை வாரந்தோறும் ஒருவர் தொலைபேசியில் அழைத்து விசாரித்து ஊக்குவிக்குமாறு செய்தனர். பயன் சிறிது கூடியது. பாடம் பொறியினுடையது, படிக்கத் தூண்டியது மனிதக் குரல். ஆனால் அந்தக் குரலுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். கோல்பியின் கணக்கு அவ்விடத்திலே பிழைத்துவிடுகின்றது.

இந்நுணுக்கங்களுக்குக் காத்திருக்கச் சந்தைக்குப் பொறுமை இல்லை. 2007இல் ஐபோன் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அதற்குரிய செயலிகளை விற்கும் கடையும் இணையத்திலே திறக்கப்பட்டது. துயருற்ற ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் ஒரு கணனி புகுந்தது. 2012இல் நியூயோர்க் நகரிலே தம்பதியர் இருவர் டோக்ஸ்பேஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். உளவளத்துணையாளருடன் எழுத்திலே உரையாட அது வழிசெய்தது. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் பெற்றர்ஹெல்ப் தோன்றியது. தியானமும் சரக்காயிற்று. பௌத்த பிக்குவாகப் பல ஆண்டு வாழ்ந்து துறவு நீங்கிய ஆங்கிலேயர் ஒருவர் 2010இலே ஹெட்ஸ்பேஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்குவதிற் பங்கு கொண்டார். கீழைத்தேச மடங்களில் ஆசான் மாணாக்கனுக்கு விலையின்றி உபதேசித்தது, மேலைத்தேசத்தில் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் பொருளாயிற்று.

இச்செயலிகளைத் தேடிப் போனோரைப் பழித்தல் நீதியன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019இல் உலகிலே 97 கோடி மக்கள் ஏதேனும் ஒரு மனநோயுடன் வாழ்ந்தனர். செல்வம் மிக்க நாடுகளிலேகூட வைத்தியரைக் காணப் பல மாதம் காத்திருக்க வேண்டும். வறிய நாடுகளிலோ காத்திருப்பதற்கு வரிசையே இல்லை. இவற்றோடு நாணம் என்ற ஒன்றும் உண்டு. மனநோய் வைத்தியசாலையின் வாசலை மிதித்ததை ஊரார் கண்டால் என்ன நினைப்பாரோ என்று அஞ்சுவோர் எந்நாட்டிலும் உளர். நள்ளிரவிலே, போர்வைக்குள்ளே, ஒருவரும் அறியாமல் திறக்கக்கூடிய கதவு அவர்களுக்குப் பெரிய விடுதலையாகத் தோன்றியதில் தவறென்ன? வைசன்பௌமின் செயலாளர் கேட்டதும் அதே தனிமைதான்.

2017இலே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய அலிசன் டார்சி என்னும் உளவியலறிஞர் வோபொட் என்ற உரையாடற் செயலியை வெளியிட்டார். எலைசாவின் நேர்வழித் தோன்றல் என்று அதனைச் சொல்லலாம்; ஆனால் இது பெக்கின் முறையைக் கற்றிருந்தது. 70 மாணவரைக் கொண்டு இரண்டு வாரம் நடத்திய சோதனையிலே, அதனோடு உரையாடியோரின் சோர்வு குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், போதைப் பழக்கத்தினின்று மீள்வோர்க்கான ரீசெற் என்னும் செயலிக்கு அனுமதி வழங்கினர். குளிசையைப் போல வைத்தியர் சீட்டில் எழுதிக் கொடுக்கும் செயலி அது. ஜேர்மனியர் 2019இலே தனிச் சட்டமே இயற்றினர். அங்கீகாரம் பெற்ற செயலியை வைத்தியர் விதித்தால் அதன் விலையைக் காப்புறுதி நிதியம் செலுத்தவேண்டும். அடுத்த ஆண்டு முதலில் அங்கீகாரம் பெற்றவற்றுள் பதகளிப்பு நோய்க்குரிய செயலி ஒன்றும் இருந்தது.

பின்னர் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. வைத்தியரின் கதவுகள் மூடின. மக்களின் பதகளிப்பும் சோர்வும் பெருகின. அத்தொற்றின் முதலாண்டிலே இவ்விரு நோயும் உலகளவில் 25 வீதம் உயர்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எரிகிற வீட்டிற் பிடுங்கியது இலாபம் என்று சொல்வது கடுமையாகலாம். ஆனால் முதலீட்டாளர் இத்துறையை நோக்கி விரைந்தது உண்மை. 2021ஆம் ஆண்டிலே இத்துறை நிறுவனங்களில் 500 கோடி டொலருக்கு மேல் இடப்பட்டது. டோக்ஸ்பேஸ் அவ்வாண்டு பங்குச் சந்தையில் ஏறியது. ரீசெற்றை ஆக்கிய பியர் நிறுவனமும் ஆண்டு முடிவில் ஏறியது.

ஏறியது போலவே இறங்கியது. பியர் நிறுவனத்தின் செயலிகளை வைத்தியர் எழுதிக் கொடுத்தனர். ஆனால் காப்புறுதி நிறுவனங்களுட் பல அதற்குப் பணம் செலுத்த இணங்கவில்லை. 2023 ஏப்ரலில் அது வங்குரோத்தாயிற்று. நூறு கோடி டொலருக்கு மேல் மதிக்கப்பட்டிருந்த நிறுவனத்தின் உடைமைகள் ஏலத்திலே ஏறத்தாழ 60 இலட்சம் டொலருக்குப் போயின. அதன் சரக்கு பயனற்றதென்று எவரும் நிறுவவில்லை. அனுமதிச் சீட்டு வேறு, பணம் செலுத்துபவர் வேறு என்பதை அது மிகப் பிந்தி அறிந்தது.

பணத்தின் வீழ்ச்சியினும் பாரதூரமானது நம்பிக்கையின் வீழ்ச்சி. 2023 மார்ச்சில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு பெற்றர்ஹெல்ப் நிறுவனத்தின் மீது ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. உளவளத்துணை நாடி வந்தோரின் மின்னஞ்சல் முகவரி முதலிய விவரங்களை, இரகசியமாகக் காப்பதாக வாக்களித்த பின்னும், விளம்பர நோக்கத்துக்காக முகநூல் முதலிய நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்பது அக்குற்றச்சாட்டு. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 78 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. ஒருவர் இன்ன நோயாளர் என்பது மாத்திரமன்று, உதவி தேடினார் என்பதே இரகசியம் என்ற உண்மையை அவ்வழக்கு வெளிப்படுத்தியது.

ஆயினும் பின்லாந்திலே நிகழ்ந்ததற்கு முன் இது சிறிதே. வஸ்தாமோ என்னும் தனியார் உளச் சிகிச்சை நிறுவனம் அந்நாடெங்கும் கிளைகள் நிறுவியிருந்தது. வைத்தியர் நோயாளரை நேரிலேதான் கண்டனர். ஆனால் அமர்விலே கேட்டவற்றைக் கணனியிற் குறித்துவைத்தனர். குழந்தைப் பருவத்துக் கொடுமைகள், மணவாழ்வின் முறிவுகள், தாய் தந்தையர்க்கும் சொல்லாத வெட்கங்கள் யாவும் அந்தப் பதிவேட்டில் இருந்தன. 2018இன் பிற்பகுதியிலே அப்பதிவேட்டினுள் கள்வன் புகுந்தான். 2020ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நிறுவனத்திடம் பெருந்தொகை கேட்டு மிரட்டினான். அது கிடைக்காமற் போகவே, குறிப்புகளை நாளொன்றுக்கு நூறு பேருடையவாக இணையத்தின் இருண்ட மூலையொன்றில் வெளியிடலானான். பின்னர் நோயாளர்க்கே தனித்தனியே மடல் விடுத்தான். 200 யூரோ கொடு. ஒரு நாள் தவறினால் 500. அதுவும் தவறினால் நீ உன் வைத்தியரிடம் சொன்னதை உலகம் படிக்கும்.

பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 33,000 பேர். பின்லாந்தின் சனத்தொகை 55 இலட்சம் என்பதை நினைத்தால் இதன் அளவு விளங்கும். பொலிஸ் நிலையங்களில் முறைப்பாடுகள் ஆயிரக்கணக்காகக் குவிந்தன. அரசாங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. 2021 பெப்ரவரியிலே நிறுவனம் வங்குரோத்தாயிற்று. 2024 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் ஓர் இளைஞரைக் குற்றவாளியென்று கண்டு 6 ஆண்டும் 3 மாதமும் சிறைத்தண்டனை விதித்தது. அவர் குற்றத்தை மறுத்து மேன்முறையீடு செய்தார். திருடப்பட்ட பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். படிக்கப்பட்ட குறிப்பைப் படிக்கப்படாததாக்க எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. அதன் பின்னர் வைத்தியரின் முன் அமர்ந்த ஒரு பின்லாந்துக்காரர், சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து போயிருந்தால் அவரை யார் குறை கூறுவது? தாளிலே எழுதி இழுப்பறையிற் பூட்டிய குறிப்பைத் திருடுபவன் ஒன்றைத் திருடுவான். கணனிப் பதிவேட்டைத் திருடுபவன் ஊரையே திருடுகிறான்.

இதற்கிடையிலே எலைசாவின் சந்ததி உருமாறியது. 2022 நவம்பரில் வெளிவந்த சட்ஜிபிரி முதலிய மொழிப்பொறிகள் உளச் சிகிச்சைக்கென ஆக்கப்பட்டவை அல்ல. ஆயினும் மக்கள் கேட்டது சமையற் குறிப்பு மாத்திரமன்று. 2025 ஒக்ரோபரிலே அதனை நடத்தும் நிறுவனமே ஒரு கணிப்பை வெளியிட்டது. வாரந்தோறும் அதனைப் பயன்படுத்துவோருள் 0.15 வீதத்தினரின் உரையாடலில் தற்கொலை எண்ணத்தின் அல்லது திட்டத்தின் வெளிப்படையான அறிகுறிகள் காணப்பட்டனவாம். வீதத்திலே அற்பம். பயன்படுத்துவோரோ 80 கோடிப் பேர். பெருக்கிப் பார்த்தால் பத்து இலட்சத்துக்கு மேல் வருகின்றது. கோல்பி கனவு கண்ட மணிக்குப் பல நூறு பேர் என்ற எண்ணிக்கையை இது எங்கோ கடந்துவிட்டது.

பொறி இதற்குத் தகுதியுடையதா என்பதற்குக் கிடைத்த சான்றுகள் இரு திசையிலும் இழுக்கின்றன. 2023இல் அமெரிக்காவில், உணவு ஒழுங்கின்மை நோயாளர்க்கு உதவும் சங்கமொன்றின் உரையாடற் பொறி, அந்நோயாளர்க்கு எதைச் சொல்லலாகாதோ அதனையே, உடல் எடையைக் குறைக்கும் வழியையே, சொல்லிக் கொடுத்தமையால் நிறுத்தப்பட்டது. மறுபுறத்திலே, 2025 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரி ஆராய்ச்சியாளர், சிகிச்சைக்கென்றே பயிற்றிய தெரபொட் என்னும் பொறியை 210 பேரைக் கொண்ட சோதனையில் ஆராய்ந்து, அதனைப் பயன்படுத்திய சோர்வு நோயாளரின் அறிகுறிகள் சராசரி 51 வீதம் குறைந்ததாக அறிவித்தனர். அச்சோதனையின் உரையாடல்களை ஆராய்ச்சியாளர் தாமே கண்காணித்து வந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2025 ஆகஸ்டில் இலினோய் மாநிலம், உரிமம் பெற்ற மனிதரின்றிப் பொறி மாத்திரம் உளச் சிகிச்சை வழங்குவதைச் சட்டத்தால் தடுத்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர், ஜூன் 30ஆம் திகதி, வோபொட் செயலி நிறுத்தப்பட்டது. அனுமதி பெறும் வழி நீண்டதும் செலவு மிக்கதும் என்பதையும், புதிய மொழிப்பொறிகளின் வேகத்துக்குச் சட்டம் ஈடுகொடுக்கவில்லை என்பதையும் அதன் நிறுவுநர் காரணமாகக் கூறினார். ஆக, விதிகளை மதித்து அனுமதிக்கு நின்ற பொறி கடையை மூடியது. அனுமதி கேளாத பொறிகள் இரவு பகலாகப் பேசிக்கொண்டிருக்கின்றன.

வைசன்பௌம் இவற்றுள் எதனையும் காணவில்லை. 1996இல் அவர் தாம் பிறந்த பேர்லினுக்கே திரும்பிச் சென்று குடியேறினார். 2008 மார்ச்சில் இறந்தார். அந்நகரிலுள்ள யூதர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். எலைசாவின் மூல நிரல் தொலைந்துவிட்டதென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2021இலே மாசச்சூசெற்ஸ் நிறுவகத்தின் ஆவணக் காப்பகத்தில், அவர் விட்டுச்சென்ற பெட்டிகளுள் அதன் அச்சுப்படி அகப்பட்டது. நானூற்றுச் சொச்சம் வரிகள். ஆர்வலர் சிலர் அக்காலக் கணனியின் செயலைப் போலி செய்யும் நிரலொன்றில் அதனை ஏற்றி, 2024 டிசம்பரில் மீண்டும் இயக்கினர். 1966ஆம் ஆண்டுக் கட்டுரையில் அச்சாகியிருந்த பெண்ணொருத்தியின் வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சிற் பொறித்தனர். எலைசா பெரும்பாலும் அன்று சொன்னதையே சொல்லியது.